படம் இல்லாத பீப்பாய்

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் எதையும் வாயால் சொல்வதில்லை. எழுதி நீட்டுகிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், அத்தோடு அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. கையெழுத்துப் போடுகிறவன் படிப்பதில்லை. நீட்டுகிறவனும் அவன் படிப்பான் என்று நினைப்பதில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் காகிதத்தை எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். முன்பு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பழைய சர்க்கார் காலத்தில் எங்கள் ஆறு திங்கட்கிழமை ஒரு நிறத்திலும் வியாழக்கிழமை வேறொரு நிறத்திலும் ஓடியது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். அந்த சர்க்கார் போய் இந்த சர்க்கார் வந்தது. இவர்கள் தொட்டதெல்லாம் விஷம் என்கிறார்கள். நான் இரண்டு கூட்டத்தையும் நம்பியதில்லை.

என் பெயர் சீக்மார் கோல்பெ. வயது அறுபத்தொன்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்த பிறகும் வாரத்தில் மூன்று காலைகள், கிழக்கு ஜெர்மனியின் ஸாலெ ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கம்பெனியின் பீப்பாய் முற்றத்தில் வேலை பார்த்தேன். இயந்திரங்களில் படிந்த எண்ணெயைக் கழுவுகிற திரவம் கலந்து விற்கிற கம்பெனி. சரக்கு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் வரும். காலியானதும் பீப்பாய் என்னிடம் வரும்.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் பிடிபடும். அதனால் படத்தைப் பார்ப்பேன். சிவப்பு விளிம்பு போட்ட சாய்சதுரம், அதற்குள்ளே நெருப்பு, மண்டை ஓடு, செத்த மீன், நெஞ்சு வெடித்த மனிதன். படம் இருந்தால் பீப்பாய் கம்பிக் கூண்டுக்குள் போகும், கழிவு வண்டிக்காரன் கொண்டுபோவான். படம் இல்லாத பீப்பாய் நம்முடையது. இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் முற்றத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் யாருக்கு வேண்டுமோ அவர் வண்டியில் ஏற்றிக்கொள்வார். கம்பெனி விதிப்படி கூடாதுதான். வாசல்காரன் அந்த நேரம் பார்த்துக் காபி போட உள்ளே போய்விடுவான்.

மேல் பாகத்தை அறுத்துவிட்டு, தோட்டக் குடிலின் கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய்க்குக் கீழே வைத்தால் அது மழைத்தண்ணீர்ப் பீப்பாய். ஊர் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற எங்கள் தோட்டக் காலனியில் அறுபத்திரண்டு தோட்டங்கள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் முக்கால்வாசித் தோட்டத்தில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கும். அவற்றில் பாதிக்கு மேல் நான் கொண்டுவந்தவை. அதற்காகக் காலனியில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. கோடை விழாவில் என் பீருக்கு நான் காசு கொடுத்ததில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற பாதுகாப்பு வகுப்பு. சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். என்னோடு முற்றத்தில் வேலை பார்க்கும் ஊவெ, வெங்காயம் தூவிய பச்சை இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். வகுப்பு எடுத்தது டாக்டர் ரைமர்ஸ். வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, ரசாயனம் படித்த பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

அவள் திரையில் ஒரு லேபிளைக் காட்டினாள். "இது இந்த வசந்தத்துலேருந்து வர ஆரம்பிச்சிருக்கு. என்ன வித்தியாசம் தெரியுது?"

"எழுத்து பொடியா இருக்கு," என்றான் ஊவெ.

"வேற?"

"படம் இல்லை," என்றேன்.

"அதேதான் கோல்பெ சார். புதுசா சில ஆபத்து வகைகளைச் சட்டத்துல சேர்த்திருக்காங்க. ஆனா அதுக்குப் படம் இன்னும் முடிவாகலை. உலகம் பூராவும் ஒத்துக்கணுமாம், பேசிக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் 'அபாயம்'ங்கற வார்த்தையும், கீழே ஒண்ணு ரெண்டு வாக்கியமும் மட்டும்தான் இருக்கும்."

"படம் முடிவாகலைன்னா அபாயமும் முடிவாகலைன்னுதானே அர்த்தம்?" என்றான் ஊவெ. "பிரஸ்ஸல்ஸ்ல படம் வரையறவன் லீவுல போயிட்டான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த இரண்டு வாக்கியங்களை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மனிதர்களின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கக்கூடும். நீர் ஆதாரங்களை நெடுங்காலத்துக்கு, பரவலாக மாசுபடுத்தக்கூடும்.

நான் வாக்கியங்களைப் பார்க்கவில்லை. லேபிளின் ஓரத்தைப் பார்த்தேன். ஓரத்தில் பச்சைப் பட்டை ஓடியது. அந்தப் பச்சைப் பட்டை எனக்குத் தெரியும்.

"ஹார்மோன்னா என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"உடம்புக்குள்ள ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குச் சேதி கொண்டு போறது ஹார்மோன். இந்த மாதிரி பொருள் அந்தச் சேதியைக் கெடுத்துடும். பெரியவங்களைவிட வயித்துல இருக்கற குழந்தைக்குத்தான் பயம் அதிகம். அது உருவாகிற நேரத்துல சேதி தப்பாப் போகக் கூடாது இல்லையா."

"உனக்கு எதுக்குப் பெருசு அந்தக் கவலை?" ஊவெ என் விலாவில் இடித்தான். "நீ எத்தனை மாசமா முழுகாம இருக்கே?"

மறுபடியும் சிரிப்பு. கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. வழக்கம்போல நானும் போட்டேன். எனக்கு முன்னால் போட்டவர்கள் யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து, முற்றத்துக்குப் போகாமல் நேரே மொபெட்டை எடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் பச்சைப் பட்டை போட்ட பீப்பாய் ஒன்றை என் மருமகள் காத்யாவின் தோட்டத்தில் வைத்திருந்தேன். பழைய பீப்பாய் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடித்துவிட்டது. அதற்குப் பதிலாக இது. காத்யாவுக்கு முப்பத்தாறு வயது. ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் ஒரு குளிர்காலம் முழுக்க யாரோடும் பேசவில்லை. பேசாமல் அந்தத் தோட்டத்தின் வேலியை மட்டும் ஒவ்வொரு கம்பாகத் தேய்த்து வண்ணம் அடித்தாள். இந்த முறை நான்காம் மாதம் தாண்டும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் மகன் தோர்ஸ்டன் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு ஸ்பெயினில் எங்கோ இருந்தான்.

இன்னொன்றும் இருந்தது. படம் இருக்கிற பீப்பாயை மூன்று முறை கழுவுவோம். படம் இல்லாவிட்டால் ஒரு முறை. அந்த வெள்ளிக்கிழமை மழை வருகிற மாதிரி இருந்தது. அதையும் அவசரமாகத்தான் கழுவினேன்.

நான்கு கிலோமீட்டர். மொபெட் நாற்பதுக்கு மேல் போகாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. பொட்டாஷ் உப்பு ஏற்றிய சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. நான் பெட்டிகளை எண்ணினேன். முப்பத்தொன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எண்ண முடியவில்லை.

காலனி வாசலில் இன்ஜினை நிறுத்தாமல் உள்ளே ஓட்டிக்கொண்டு போனேன். மணி ஒன்றே கால். ஒன்றிலிருந்து மூன்று வரை மதிய அமைதி. அந்த நேரத்தில் யாரும் புல்வெட்டி ஓட்டக் கூடாது, சுத்தியல் எடுக்கக் கூடாது. இன்ஜின் சத்தத்துக்கு வேலிகளுக்கு மேலே தலைகள் எழுந்தன.

காத்யா பீப்பாயின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கட்டு முள்ளங்கியை அந்தத் தண்ணீரில் அலசி, ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"அதைத் துப்பு," என்றேன்.

"என்ன மாமா?"

"துப்புன்னு சொல்றேன்ல. கையை எடு அதுலேருந்து."

அவள் துப்பினாள். என் முகத்தைப் பார்த்துத் துப்பினாளா, வார்த்தையைக் கேட்டுத் துப்பினாளா தெரியாது. நான் பீப்பாயின் விளிம்பைப் பிடித்தேன். கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் தோன்றியது. நூற்றிருபது லிட்டர். காலை ஊன்றி இழுத்தேன். தண்ணீர் தளும்பி என் செருப்பில் விழுந்தது.

"நில்லுங்க," என்றாள். "முதல்ல என்னன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. இந்தப் பீப்பாய் வேண்டாம்."

"ஒண்ணுமில்லாததுக்கா வேலை நேரத்துல இந்த வேகத்துல வந்தீங்க?"

பக்கத்துத் தோட்டத்து வேலிக்கு மேலே பெட்சோல்டின் தலை வந்தது. காலனியின் தலைவர். ஓய்வு பெற்ற தபால்காரர். கழுத்தில் துண்டு. "சீக்மார், மணி என்ன தெரியுமா? விதின்னா உனக்கும் சேர்த்துதான். அடுத்த கூட்டத்துல இதை வைக்கப் போறேன், சொல்லிட்டேன்."

"வை. இப்போ உள்ளே போ."

"பாருங்கம்மா உங்க மாமனார் பேசறதை."

காத்யா அவர் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, பீப்பாய்க்கும் குடில் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்தாள். லேபிளைக் கிழிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். கிழித்தால் பசை ஒட்டும், அழுக்குச் சேரும். அதனால்தான், வேறு காரணம் இல்லை. அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படித்தாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மூன்று வாரமாகப் படிக்காததை அவள் பத்து வினாடியில் படித்தாள்.

நிமிர்ந்தபோது அவள் குரல் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதுல ஹார்மோன்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மணி நேரம் முன்னாடி."

"ஒரு மணி நேரம்." அவள் தலையாட்டினாள். நான் மறுபடியும் விளிம்பைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நினைத்ததில்லை. "கவிழ்க்கக் கூடாது. ரெண்டாவது வரியைப் படிச்சீங்களா? தண்ணியைக் கெடுக்கும்னு போட்டிருக்கு. பம்ப் எங்க இருக்கு பாருங்க."

கைப்பம்ப் எட்டடி தள்ளி நின்றது. நான்கு தோட்டத்துக்குப் பொதுவானது. எல்லோரும் அதில்தான் காபிக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். பீப்பாய் இரண்டு முறை ஆடி நின்றது. உள்ளே தண்ணீர் அடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"யார்கிட்ட கேக்கணும்?" என்றாள்.

"டாக்டர் ரைமர்ஸ். வகுப்பு எடுத்தவ."

"நம்பர் குடுங்க."

"காத்யா, இதை எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்."

அவள் கையை மட்டும் நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

அவளே பேசினாள். கம்பெனியிலிருந்து ஆட்கள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் குடிலின் படியில், நான் கவிழ்த்த வாளியின் மேல். அவள் கையைக் கடையில் வாங்கிய புட்டித் தண்ணீரால் கழுவியிருந்தாள். முள்ளங்கிக் கட்டு இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது.

"தினமும் இதுலதான் கை கழுவினேன்," என்றாள். "ஸ்ட்ராபெரிக்கு ஊத்தினேன். போன ஞாயித்துக்கிழமை நீங்களும் சாப்பிட்டீங்க."

"எனக்கு என்ன ஆகப்போவுது."

"உங்களைக் கேக்கலை." பிறகு வேலிகளுக்கு மேலே பார்த்தாள். பெட்சோல்டின் தோட்டத்தில் ஒன்று. அதற்கு அடுத்ததில் இரண்டு. வளைவு வரைக்கும் நீலம் தெரிந்தது. "இதெல்லாம் நீங்க கொண்டு வந்ததா?"

"பாதி இருக்கும்."

"இங்க முன்னாடி நின்னுச்சே, வெடிச்சுப் போனது. அது?"

"அதுவும்தான்."

"அது எத்தனை வருஷமா இருந்துச்சு?"

எனக்கு அவள் எங்கே போகிறாள் என்று புரிந்துவிட்டது. எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. "ஒன்பது."

"அதுல என்ன வந்துச்சு?"

"தெரியாது. படம் இல்லை."

"படம் இல்லை," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

கம்பெனி வேன் காலனிப் பாதையில் மெதுவாக வந்து நின்றது. ஊவெ ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். வகுப்பில் இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை. டாக்டர் ரைமர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினாள். முதலில் பீப்பாயைப் பார்க்கவில்லை. காத்யாவின் எதிரே குந்தி உட்கார்ந்து, எத்தனாவது வாரம், எதைச் சாப்பிட்டாள், தண்ணீரைக் குடித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடிக்கவில்லை என்றதும் டாக்டரின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதைக் காத்யாவும் பார்த்தாள்.

"கோல்பெ சார், எத்தனை தடவை கழுவினீங்க?"

ஊவெ எனக்குப் பின்னால் நின்று மெதுவாக இருமினான். மூன்று என்று சொல் என்பது அதன் அர்த்தம். அவனும் ஒரு முறைதான் கழுவுகிறவன். மூன்று என்றால் ஊவெயும் தப்புவான், நானும் ஓரளவு தப்புவேன்.

"ஒண்ணு," என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். வேனில் கொண்டுவந்த சின்ன மோட்டாரை வைத்துப் பீப்பாய்த் தண்ணீரை வேனில் இருந்த தொட்டிக்கு ஏற்றினார்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் பீப்பாய்த் தண்ணீர், இன்னொன்றில் பம்ப் தண்ணீர். பைகளில் பாத்தி மண். பெட்சோல்ட் வேலிக்கு மேலே தலையை வைத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். மதிய அமைதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் ஏற்றி முடிந்தபின் காத்யா கேட்டாள். "இது போன மாசம் கண்டுபிடிச்ச பொருளா?"

"இல்லைங்க," என்றாள் டாக்டர் ரைமர்ஸ். "பொருள் பழசு. எங்ககிட்ட பதினோரு வருஷமா வருது. வகை பிரிச்சதுதான் புதுசு. வர்ற நவம்பர்லேருந்து இந்த மாதிரி பொருளுக்கெல்லாம் கட்டாயம். இந்த சப்ளையர் முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

"அப்போ போன வருஷம் வந்த பீப்பாயில?"

"பேர் மட்டும் இருந்திருக்கும்."

"உள்ளே இதே பொருள்."

"ஆமாம்."

"எனக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை," என்றாள் காத்யா. பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது மாதிரி சொன்னாள். "ரெண்டும் பழைய பீப்பாய் இங்க நின்ன காலத்துலதான்."

ஊவெ வேனின் கதவைச் சாத்தப் போனவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். டாக்டர் ரைமர்ஸ் கையுறையைக் கழற்றினாள். "அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இதுதான்னு யாராலும் சொல்ல முடியாதுங்க."

"இது இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல முடியாது."

பொய் சொல்லவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணை என்னால் வெறுக்க முடியாமல் போனது. காத்யா எழுந்து குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டவில்லை.

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து வேன் வந்து, கொடுக்கச் சம்மதித்தவர்களின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனது. பெட்சோல்ட் கொடுக்கவில்லை. "பத்து வருஷமா இதுல ஊத்தின தக்காளியைத் தின்னுக்கிட்டிருக்கேன், எனக்கு என்ன குறைச்சல்?" என்று வேன்காரனிடம் கேட்டாராம். சனிக்கிழமை தோர்ஸ்டன் வந்தான். என் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றான். உட்காரவில்லை. "நீ படிக்கலையாப்பா?" என்று மட்டும் கேட்டான். போய்விட்டான்.

பதினாறு நாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றிருந்தார்கள். அதன் பிறகு கம்பெனி முதலாளி வீகாண்ட் கூப்பிட்டனுப்பினார். நடுவில் காத்யா மருத்துவமனைக்குப் போயிருந்தாள். குழந்தையின் இதயம் ஒழுங்காக அடிக்கிறது, வளர்ச்சி சரி என்றார்களாம். தோர்ஸ்டன் போனில் சொன்னான். அவள் பேசவில்லை.

வீகாண்டின் அறையில் டாக்டர் ரைமர்ஸும் இருந்தாள். மேஜையில் இரண்டு காகிதங்கள். வீகாண்ட் முதல் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். சந்தோஷமான முகம்.

"பரிசோதனை முடிவு வந்துடுச்சு கோல்பெ. பயப்பட ஒண்ணுமில்லை. பீப்பாய்த் தண்ணியில கொஞ்சம் இருந்திருக்கு. ரொம்பக் கொஞ்சம். குடிக்கற தண்ணிக்கு எவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சுகாதார ஆபீஸ் சொல்லுதோ, அதுக்குக் கீழேதான்."

"பம்ப் தண்ணி?" என்றேன்.

வீகாண்ட் அவளைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "அதுலயும் இருக்கு. பீப்பாயைவிடக் குறைவு. அதுவும் அளவுக்குக் கீழேதான்."

"நான் கவிழ்க்கலையே. அது எப்படிப் பம்புக்குப் போச்சு?"

"இந்தப் பீப்பாயிலேருந்து போனது இல்லை. பல வருஷமாச் சேர்ந்தது. பழைய பீப்பாய்களா இருக்கலாம், ஆறா இருக்கலாம், மேலே இருக்கற வேற கம்பெனிங்களா இருக்கலாம். இந்த மாதிரி பொருள் மண்ணுல தங்காது, தண்ணியோடவே போயிடும். எங்கேருந்து வந்துச்சுன்னு இப்போ கண்டுபிடிக்க முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் வீகாண்ட். "எல்லா இடத்துலயும் இருக்கு. அப்போ நம்ம பீப்பாய்தான்னு யாரும் விரல் நீட்ட முடியாது. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது." இரண்டாவது காகிதத்தைத் தள்ளினார். மேலே ஒரு பேனாவை வைத்தார். "இதுல ஒரு கையெழுத்து. பீப்பாயைக் கம்பெனிக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனீங்க, பரிசோதனை முடிவை உங்களுக்கு விளக்கிச் சொன்னோம், அவ்வளவுதான். போட்டுட்டா திங்கக்கிழமையிலேருந்து வழக்கம்போல வரலாம்."

நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். வீகாண்ட் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரி வரை படிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கம்பெனிக்குத் தெரியாமல் என்று எழுதியிருந்தது. வாசல்காரனின் காபியைப் பற்றி ஒன்றும் இல்லை.

"இந்தப் பரவாயில்லைங்கற அளவு," என்று டாக்டர் ரைமர்ஸைக் கேட்டேன். "அதை யார் வச்சது?"

"ஆபீஸ்ல இருக்கற நிபுணர்கள். தெரிஞ்ச வரைக்கும் வச்சு, அதுக்கும் கீழே பாதுகாப்பா ஒரு அளவு."

"போன வருஷம் இதே பொருளுக்கு லேபிள்ல ஒரு வரிகூட வேண்டாம்னு இருந்தாங்களே. அதே ஆளுங்களா?"

அவள் மேஜையைப் பார்த்தாள். "அப்போ தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இப்போ தெரிஞ்சதும் இவ்வளவுதானே."

"கோல்பெ," என்றார் வீகாண்ட், "எல்லாரும் நல்ல சேதின்னு சந்தோஷப்படறாங்க. உங்க மருமக நல்லா இருக்கா, குழந்தை நல்லா இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. முன்பு நடந்த இரண்டுக்கும் காரணம் நானில்லை என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்கியிருப்பேன். கொடுத்தாலும் நம்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

பேனாவை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

"கையெழுத்துப் போடலையா?"

"படிச்சுட்டேன்," என்றேன். "அதனாலதான்."

முற்றத்தின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஊவெ அன்றைக்குக் காலியான பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்தான். பச்சைப் பட்டை போட்டவை ஒரு பக்கம். வேறொரு சப்ளையரிடமிருந்து வந்த அதே சரக்கின் பீப்பாய்கள் இன்னொரு பக்கம். அவற்றின் லேபிளில் இன்னும் பேர் மட்டும்தான் இருந்தது. ஊவெ எல்லாவற்றையும் கூண்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்ன பெருசு, எல்லாம் சரியாயிடுச்சாமே?" என்றான்.

"அப்படித்தான் சொல்றாங்க," என்றேன்.

வாசல்காரன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் காபி போடப் போகவில்லை. மொபெட்டில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே ஆற்றோரம் நடந்தேன். தண்ணீர் தெளிவாக ஓடியது, அடியில் கல் தெரிந்தது. முன்பு அது நிறம் மாறியதையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தேன்.